பேரவையின் புருவம்

சைகோன் வாழ் தமிழ்க் குடும்பங்கள் பேரவைக்கு அந்தக் கார்த்திகை மாதத்தில் ஒரு பெருங்கவலை வந்து சேர்ந்தது. அது கட்டடம் பற்றியதோ, குழந்தைகளுக்குத் தமிழ் வராதது பற்றியதோ இல்லை. அந்தக் கவலைகளோடு பேரவை பல வருடங்களாகச் சுகமாக வாழ்ந்துகொண்டிருந்தது. இது பெண்களின் புருவம் பற்றிய கவலை.

காரணம், போன வருடத்துப் பொங்கல் படம். பேரவையின் ஆண்டு மலர் அட்டையில் முப்பது சொச்சம் பெண்கள் பட்டுச்சேலையில் பானையைச் சுற்றி நிற்கிறார்கள். இந்த ஊரில் மீன்காரி முதல் வங்கி மேலாளர் வரை புருவத்தில் நிறம் குத்திக்கொள்ளாத பெண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நம் பெண்களும் குத்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஆளுக்கொரு கடை, ஆளுக்கொரு மாதம். அதனால் படத்தில் ஒருத்திக்கு அடுப்புக்கரியால் இழுத்த மாதிரி கன்னங்கறுப்பு. அவளுக்குப் பக்கத்தில் நிற்பவளுக்குப் பாதி உதிர்ந்த பொருக்கு. இன்னொருத்தி மூன்று வருடம் கவனிக்காமல் விட்டதில் செங்கல் நிறம். கடைசி வரிசையில் நாலைந்து பேருக்குப் புருவமே தெரியவில்லை. மலரைப் பார்த்துவிட்டு வேறு நாட்டுச் சங்கத்துக்காரர் ஒருவர், "ஏன் எல்லாரும் வேற வேற விஷயத்துக்குக் கோபமா இருக்காங்க?" என்று கேட்டு எழுதிவிட்டார். பேரவைத் தலைவர் சோமசுந்தரம் அன்று இரவு தூங்கவில்லை. அவரே பல கூட்டங்களில் அதைச் சொன்னார்.

சைகோனின் பூ மி ஹங் பகுதியில் பதினாலாவது மாடியில் குடியிருக்கும் தெய்வயானைக்கும் அதே கார்த்திகையில் ஒரு கவலை இருந்தது. அவளுடையது சின்னக் கவலை. மகள் உமையாளுக்குத் தேவகோட்டையில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. தை மாதம் சம்பந்தி வீட்டார் சைகோனுக்கே வந்து நிச்சயம் செய்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. பேரவையின் மண்டபத்தைக் கேட்டு வைத்திருந்தாள். மாப்பிள்ளையின் தாயார் ராக்கம்மை ஆச்சி இதுவரை தெய்வயானையை நேரில் பார்த்ததில்லை. பார்க்கும்போது முகத்தில் புருவம் இருக்க வேண்டுமே என்பதுதான் கவலை.

தைராய்டு வந்ததில் தெய்வயானையின் புருவ முடி கொட்டியது கொட்டியதுதான். திரும்பி வரவில்லை. பென்சிலால் வரைந்து, இந்த ஊர் வேர்வையில் அது கன்னத்துக்கு வழிந்து, ஆள் கூடும் இடமென்றால் நெற்றியை மூடிக்கொண்டு நிற்கும் நிலைக்கு வந்த பிறகுதான் போன வருடம் சி ஹான் கடைக்குப் போனாள். வியட்நாமியத்தில் சி என்றால் அக்கா. ஹான் வரைந்து குத்திய புருவத்தைக் கண்ணாடியில் பார்த்தபோது தெய்வயானை அழுதேவிட்டாள். போன முகம் திரும்பி வந்த சந்தோஷம் அது. இந்த விஷயம் கணவர் கருப்பையாவுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள், எல்லாரையும் போல அழகுக்குக் குத்திக்கொண்டாள் என்று நினைத்திருந்தார்கள்.

ஒரு வருடம் தாண்டியதும் அந்தப் புருவம் மங்கத் தொடங்கியது. மங்குவது இயல்பு. ஏறக்குறைய ஒன்றரை வருடத்துக்குள் மறுபடி நிறமேற்ற வேண்டும். ஆனால் நினைத்த நேரத்தில் ஏற்றிவிட முடியாது. ஏற்றிய முதல் சில நாள் கன்னங்கரேல் என்றிருக்கும். அப்புறம் பொருக்கு உதிரும். உதிர்ந்ததும் ஒன்றுமே இல்லாத மாதிரி வெளுத்துப்போகும். ஒரு மாதம் பொறுத்தால் நிறம் உள்ளிருந்து மெல்ல மேலே வரும். போன தடவை இதையெல்லாம் பட்டு அறிந்தவள் அவள். ஆகவே தைக்கு வேண்டுமென்றால் கார்த்திகையில் போட்டுவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் பேரவை அவசரப் பொதுக்கூட்டம் கூட்டியது.

சோமசுந்தரம் மிளகு ஏற்றுமதி செய்கிறவர். ஒலிபெருக்கி இல்லாமல் குடும்பத்தோடுகூடப் பேசமாட்டார் என்று சொல்வார்கள். அன்று ஒலிபெருக்கி இருந்தது.

"தாய்மார்களே, புருவம் உங்க முகத்துல இருக்கலாம். அதை மறுக்கல. ஆனா அதைப் பாக்குறது யாரு? நாங்க. அப்ப அதுக்குப் பொறுப்பு யாரு? நாங்க. இதோ முன் வரிசையில உக்காந்திருக்காக என் மனைவி அலமேலு. கலியாணமாகி இருபத்தெட்டு வருஷம். அவுக புருவத்தை நான் ஒரு நாளும் பாத்ததில்லை. மலர்லதான் பாத்தேன். பாத்து அதிர்ந்துபோனேன். நான் அடைஞ்ச அந்த அதிர்ச்சி இனி எந்தக் கணவருக்கும் வரக்கூடாது. அதுக்குத்தான் இந்த ஒருங்கிணைந்த புருவக் கொள்கை."

ஆண்கள் கை தட்டினார்கள். அலமேலு ஆச்சி கைப்பையைத் திறந்து எதையோ தேடினார்.

கொள்கையைச் செயலாளர் சேஷாசலம் விளக்கினார். சென்னைக்காரர். பக்கத்து மாகாணமான பின் யுவோங்கில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் மேலாளர். பேரவையில் நிறத்தைப் பற்றி எதுவானாலும் அவரைத்தான் கேட்பார்கள்.

"ரொம்ப சிம்பிள் மேடம். பொங்கலுக்கு வீட்டுக்கு எப்ப பெயிண்ட் அடிப்போம்? பத்து நாள் முன்னாடி. அப்பதான் கோட்டிங் செட்டாகும், வாசனை போகும், விசேஷத்தன்னிக்குப் பளிச்னு இருக்கும். அதே சயின்ஸ்தான் இதுவும். ஒரே நாள், ஒரே கடை, ஒரே ஷேட். எல்லாருக்கும் காபி பிரவுன். மொத்தமா போறதால டிஸ்கவுண்ட் வேற."

தெய்வயானை எழுந்தாள். கூட்டத்தில் அவள் எழுந்து பேசுவது அதுவே முதல் தடவை.

"பத்து நாள்ல அது உதிர்ந்துபோயி ஒண்ணுமே தெரியாதுங்களே. ஒரு மாசத்துக்கு முன்னாடியே போட்டாத்தான் நிறம் நிக்கும்."

சேஷாசலம் பரிவோடு சிரித்தார். "மேடம், நான் இருபத்திரண்டு வருஷமா பெயிண்ட்ல இருக்கேன். பத்து நாள்ல உதிர்ந்துச்சுன்னா அது தரம் சரியில்ல. தரத்தை நான் பாத்துக்குறேன்."

"இது சுவர் இல்லைங்களே. தோலாச்சே."

"சர்ஃபேஸ் எதுவா இருந்தா என்ன மேடம்."

தலைவர் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். சகோதரியின் ஐயம் குறிப்பில் ஏற்றப்படும் என்றார். இனிமேல் பேரவையின் அனுமதி இல்லாமல் யாரும் தனியாகப் புருவத்தில் கை வைக்கக் கூடாது என்றார். மீறுகிற குடும்பத்துக்கு மண்டபம் கிடையாது என்று முடித்தபோது அவர் கண் தெய்வயானையின் மேல்தான் இருந்தது. தை மாதத்துக்கு மண்டபம் கேட்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்ததும் கருப்பையா சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். டான் சோன் நாட் விமான நிலையத்தில் சரக்கு விமானக் கம்பெனியில் வேலை. எதையும் சிக்கலில்லாமல் ஏற்றி இறக்கிப் பழகிய மனிதர்.

"இந்த ஊர்ல வேற மண்டபமா இல்ல?"

"சம்பந்தி வீட்டுக்கு எழுதியாச்சுங்க, நம்ம சனத்தோட மண்டபத்துல வச்சிருக்கோம்னு. இப்பப் போயி, புருவத்தால எடம் இல்லன்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப அவுக சொல்ற நாள்லயே போட்டுக்க."

"போட்டா, அந்த ஆச்சி வர்ற நேரத்துல முட்டை மாதிரி நிப்பேன்."

கருப்பையா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, "நாளைக்கே போயிட்டு வா. நான் எதையும் பாக்கல" என்றார்.

மறுநாளே சி ஹான் கடையில் காரியம் முடிந்தது. கறுத்த புருவத்தை மறைப்பது கஷ்டமாக இல்லை. வெயிலுக்குப் பயந்து தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு பைக் ஓட்டும் பெண்கள் இந்த ஊரில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முகத்துணி, அதற்கு மேல் ஹெல்மெட் என்று தெய்வயானையும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியானாள். வீட்டுக்குள்ளும் ஹெல்மெட்டோடு இருந்து உமையாளிடம் திட்டு வாங்கினாள். பொருக்கு உதிர்ந்தது, முகம் வெளுத்தது. இது வரும் என்று தெரிந்திருந்ததால் பொறுத்துக்கொண்டாள்.

வெளுத்திருந்த அந்த வாரத்தில் புருவ ஆய்வுக்குழு வீட்டுக்கு வந்தது.

தலைவர், செயலாளர், இருவருக்கும் குடை பிடிக்க ஒரு செயற்குழு உறுப்பினர். பலகாரம் சாப்பிட்டார்கள். கை கழுவினார்கள். சேஷாசலம் கைபேசி விளக்கை அடித்துக்கொண்டு, தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த பெயிண்ட் நிற அட்டையைத் தெய்வயானையின் நெற்றியோரம் வைத்துப் பார்த்தார். யானைத் தந்தம், பாலாடை, மணல் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் அட்டையை மடித்தார்.

"அட்டையிலேயே இல்ல சார். கம்ப்ளீட்டா போயிடுச்சு. பேரவைலயே மோசமான கேஸ் இதான்."

சோமசுந்தரத்துக்கு மனம் இளகிவிட்டது. "பாத்தியளா? இதத்தான் சொன்னேன். தனித்தனியா விட்டா இப்படித்தான். கவலைப்படாதிய ஆச்சி. அன்னிக்கு உங்களைத்தான் முதல் ஆளா உக்கார வைக்கிறோம். திறப்பு விழாவே உங்க புருவத்துலதான்."

அவர்கள் போன பிறகு தெய்வயானை கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். உள்ளே நிறம் ஊறிக்கொண்டிருக்கும் புருவத்தின் மேல் மறுபடி ஊசி வைத்தால் திட்டுத்திட்டாகச் சாம்பல் பூத்துவிடும். அதை மாற்ற வருடக்கணக்காகும். இப்படி விதியை மீறியதற்குத் தண்டனையும் விதியின்படியே வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு அந்த விழா நடந்தது. சி ஹான் கடை வாசலில் தோரணம், குத்துவிளக்கு, நீல நிற நாடா. தேதி கேட்டபோதே ஹான் ஒருமுறை, "அந்தத் தேதி வேண்டாம், இன்னும் முன்னாடியே போடணும்" என்று சொல்லிப் பார்த்தாள். சேஷாசலம் அவளுக்கும் கோட்டிங் பற்றி விளக்கவே, அட்வான்ஸை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டாள். வாடிக்கையாளர்களின் புத்திமதியைக் கேட்டுக்கொள்ள அவள் தனிக் கட்டணம் வாங்குவதில்லை.

தெய்வயானை திரும்பி வந்திருந்த நிறத்தை முகப்பவுடரால் மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். பக்கத்தில் நின்று தலைவர் பேசினார். ஹான் பஞ்சால் பவுடரைத் துடைத்தாள். துடைத்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தெய்வயானை அவள் கையைப் பிடித்து, தெரிந்த வியட்நாமியத்தில், "அக்கா, ஊசி வேண்டாம். என் பொண்ணு நிச்சயம்" என்று மட்டும் சொன்னாள்.

ஹான் திரையை இழுத்துவிட்டு, ஊசி இல்லாத கருவியை ஓடவிட்டாள். அது பாட்டுக்கு உறுமியது. புருவப் பென்சிலை எடுத்து நல்ல தடிமனாக வரைந்தாள். வெளியே தெய்வயானை அடுப்புக்கரிப் புருவத்தோடு வந்தபோது சோமசுந்தரம் நாடாவை வெட்டினார். பிறகு அலமேலு ஆச்சி முதற்கொண்டு அத்தனை பெண்களும் வரிசையாக உள்ளே போய், கறுத்துப்போய் வெளியே வந்தார்கள்.

ஹான் ஒவ்வொருத்தியிடமும் பத்தியம் சொல்லி அனுப்பினாள். தண்ணீர் படக்கூடாது. வேர்க்கக்கூடாது. வெயிலில் நிற்கக்கூடாது. ஆவி முகத்தில் அடிக்கக்கூடாது. கீரையும் முட்டையும் பசையரிசியும் ஆகாது. பத்தியத்தை முழுசாகக் கேட்டிருந்தால், பொங்கல் விழாவில் செய்ய வேண்டிய ஒவ்வொன்றையும்தான் அவள் வேண்டாம் என்கிறாள் என்பது பேரவைக்குத் தெரிந்திருக்கும்.

பொங்கலன்று காலை விழா மைதானத்தில் பானை ஏற்றப்பட்டது. பானை பக்கம் போக ஒரு பெண்ணும் தயாராக இல்லை. எல்லாரும் தள்ளி நிழலில் குடைக்குள் இருந்தார்கள். கடைசியில் ஆண்களே அடுப்பை மூட்டி, பால் பொங்கியதும் யார் குலவை போடுவது என்று தெரியாமல் சேஷாசலம் விசில் அடித்தார். வேர்வை வந்துவிடும் என்று கோலாட்டத்தை நின்ற இடத்திலேயே ஆடினார்கள். கடையிலிருந்து வாங்கிய அரிசி பசையரிசி என்று தெரிந்ததும் சர்க்கரைப்பொங்கலையும் யாரும் தொடவில்லை. தலைவர் மட்டும் இரண்டு தொன்னை சாப்பிட்டார்.

படமெடுக்கக் குடைகளை மடித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. முப்பது சொச்சம் முகங்களில் ஒன்றிலும் புருவம் இல்லை. பட்டும் வைரத்தோடுமாக, உரித்த நுங்கு போல முகங்கள். நடு வரிசையில் தெய்வயானைக்கு மட்டும் அளவான, அழகான, காபி நிறப் புருவம்.

பானைக்குப் பக்கத்திலேயே செயற்குழு கூடியது.

"என்ன சேஷாசலம் இது?"

"எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க சார். நம்ம கொள்கை அதானே? யூனிஃபார்மிட்டி வந்தாச்சு. ஒரே ஒரு ஆள்தான் மேட்ச் ஆகல."

சோமசுந்தரத்தின் முகம் தெளிந்தது. தெய்வயானையைக் கூப்பிட்டார். குரலில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது.

"ஆச்சி, நான் உங்களைத் தப்பு சொல்லல. எப்படி வந்துச்சுன்னும் கேக்கல. ஆனா எல்லாரும் இல்லாம நிக்கிறப்ப ஒருத்தர் மட்டும் புருவத்தோட நிக்கிறது ஒற்றுமைக்கு நல்லதா? பவுடரைப் போட்டு மறைச்சுக்கிட்டு வந்து நில்லுங்க. மண்டபச் சாவி என் பையிலதான் இருக்கு."

தெய்வயானை கையைப் பிசைந்தாள். அப்போதுதான் மைதான வாசலில் டாக்ஸி வந்து நின்றது. விமான நிலையத்திலிருந்து கருப்பையா நேராகச் சம்பந்தி வீட்டாரை அழைத்து வந்துவிட்டார். ராக்கம்மை ஆச்சி இறங்கினார். ஆறடி உயரம், அகலக் கரைச் சேலை. முகத்தில் கன்னங்கரேல் என்று, காதுவரை போகிற மாதிரி இரண்டு புருவம்.

சம்பந்தியைப் பார்க்கப்போகிறோமே என்று அந்த ஆச்சி நாலு நாள் முன்பு காரைக்குடியில் குத்திக்கொண்டு விமானம் ஏறியிருந்தார். தெய்வயானைக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. மாதக்கணக்காக இந்த முகத்துக்குப் பயந்தா ஹெல்மெட்டுக்குள் இருந்தோம் என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

சோமசுந்தரம் மெய்மறந்து நின்றார். பின்பு ஒலிபெருக்கியைத் தேடி எடுத்தார்.

"பெரியோர்களே, பாருங்க. இதுதான் நாங்க கண்ட கனவு. இதுதான் புருவம். தாயகம் நமக்கு அனுப்பி வச்சிருக்கு. இனி இதுதான் பேரவையின் அதிகாரபூர்வப் புருவம்."

பொன்னாடை போர்த்தினார்கள். ராக்கம்மை ஆச்சியைத் தனியே நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்த ஆச்சி எதற்கென்று தெரியாமலே கும்பிட்டுக்கொண்டு நின்றார். அந்தக் களேபரத்தில் தெய்வயானையின் குற்றம் மறந்துபோய், சாவி அவள் கைக்கு வந்தது.

அன்று வீட்டில் சம்பந்திகள் இரண்டு பேரும் தனியாக இருந்தபோது ராக்கம்மை ஆச்சி மெதுவாகக் கேட்டார்.

"ஏன் ஆச்சி, இது இப்படியே இருக்குமா? எங்க வீட்டுல, ராவணன் வேசம் போட்டிருக்கியான்னு கேக்குறாக."

"ரெண்டு நாள்ல உதிரும் ஆச்சி. அப்புறம் ஒண்ணுமே இருக்காது. பயந்துறாதிய. மாசி பிறக்கவும் தானா வந்துரும்."

"உங்களுக்கு எப்படி இம்புட்டுத் தெரியும்?"

"கொஞ்சம் பழக்கம்" என்றாள் தெய்வயானை. அதற்கு மேல் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஐந்தாம் நாள் நிச்சயம். மண்டப வாசலில் ராக்கம்மை ஆச்சியின் படம் ஆளுயரத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. கீழே, 'அதிகாரபூர்வப் புருவம்'. பக்கத்தில் சேஷாசலம் நின்று உள்ளே போகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் படத்தோடு ஒப்பிட்டார். பேரவைப் பெண்களுக்கு அடுத்த வருடம் வரை தவணை தரப்பட்டிருந்தது. வெளியாட்களுக்குத் தவணை இல்லை. சம்பந்தி வீட்டார் தாம்பாளங்களோடு மாடியேறி வந்தார்கள். சேஷாசலம் கையை நீட்டி மறித்தார்.

"சாரி மேடம். புருவம் இல்ல. உள்ள விட முடியாது."

"தம்பி, அந்தப் படத்துல இருக்கறது நாந்தான்."

"காலைலேர்ந்து மூணு பேர் இதையே சொல்லிட்டாங்க மேடம்."

சோமசுந்தரம் வந்தார். ராக்கம்மை ஆச்சியைப் பார்த்ததும் கும்பிட்டு, நலம் விசாரித்து, விமானப் பயணம் சௌகரியமா என்று கேட்டு, மறுபடியும் கும்பிட்டார்.

"ஆளை எனக்கு நல்லாத் தெரியும் ஆச்சி. ஆனா தீர்மானத்துல ஆள் இல்ல, புருவம்தான் இருக்கு. எனக்காக ஒரு மாசம் கழிச்சு வந்தா, நானே வாசல்ல நின்னு வரவேற்பேன்."

ராக்கம்மை ஆச்சியின் முகம் சுருங்கிவிட்டது. கூசிப்போய் முந்தானையால் நெற்றியை மூடினார். அவருடைய கணவர் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, "இது என்ன மரியாதை?" என்று கருப்பையாவைப் பார்த்தார். உமையாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த மூடிய நெற்றியைப் பார்த்ததும் தெய்வயானைக்குப் பொறுக்கவில்லை. ஆள் கூடும் இடத்தில் நெற்றியை மூடிக்கொண்டு நிற்பது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆச்சி, கையை எடுங்க" என்றாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எனக்கும் புருவம் கெடையாது. சீக்கு வந்து கொட்டிப்போச்சு. இப்ப இருக்கறது கடைப் புருவம். பேரவைக்குத் தெரியாமத்தான் போட்டேன். உங்ககிட்டயும் சொல்லாம இருந்துட்டேன். சம்மதம்னா வாங்க, கீழ காப்பிக் கடையில தட்டு மாத்திக்குவோம்" என்றாள்.

ராக்கம்மை ஆச்சி முந்தானையை இறக்கினார். தெய்வயானையின் புருவத்தைக் கிட்டத்தில் வந்து உற்றுப் பார்த்தார்.

"நல்லாப் போட்டிருக்காளே. என்னைய ஏன் முன்னாடியே இங்க வரச் சொல்லல?" என்று கேட்டுவிட்டு, தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் படியிறங்கியவர் அவர்தான்.

உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் முதலில் எழுந்தவர் அலமேலு ஆச்சி. தலைவரைக் கடந்து போகும்போது நின்று, "என் முகத்தை நல்லாப் பாத்துக்கங்க. அடுத்த மலர் வர ஒரு வருசம் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவருக்குப் பின்னால் முப்பது சொச்சம் பட்டுச்சேலைகள் சரசரவென்று இறங்கின. அவர்களுக்குப் பின்னால் கணவன்மார்கள், சாப்பாடு எங்கே என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்கள். காப்பிக் கடைக்காரி பிளாஸ்டிக் முக்காலிகளைப் பாதிச் சாலை வரை பரப்பினாள். நல்ல நேரம் தப்பாமல் தட்டு மாறியது. இந்தத் தடவை குலவைச் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

மேலே மண்டபத்தில் சோமசுந்தரம் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார். வேலை செய்தது. பேரவையின் அனுமதியின்றிக் காப்பிக் கடையில் நடந்த நிச்சயத்தை ரத்து செய்யும் தீர்மானத்தை அவர் முன்மொழிந்தார். சேஷாசலம் வழிமொழிந்தார். எதிர்ப்பவர்கள் கை உயர்த்தலாம் என்று தலைவர் கேட்டு, நாற்காலிகளை ஒரு முறை நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.